துர்காபூர்ல ஷட்டர் உடைஞ்சப்போ: ஒரு சின்ன ஃபவுண்டரியோட தண்ணிக் கணக்கு

இது மேற்கு வங்கத்துல துர்காபூர்ங்கற ஊர்ல ஒரு சின்ன ஃபவுண்டரில, அதாவது இரும்ப உருக்கி அச்சுல வார்க்கற ஆலைல, ஆத்துத் தடுப்போட ஷட்டர் உடைஞ்சு தண்ணி நின்னப்ப 2017லயும் 2020லயும் நடந்தது. நான் அப்ப அங்க மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தேன். ஆலை பேர், ஆள் பேர் எதுவும் போடல, தேவையும் இல்ல. இன்டக்‌ஷன் ஃபர்னஸ் (கரண்ட்டால இரும்பு உருக்குற உலை) ஓட்டுறவங்க கோயம்புத்தூர் பக்கம் நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கும் ஆத்தங்கரைல ஆலை வெச்சிருக்க மத்தவங்களுக்கும் உதவும்னு முழுசா எழுதி வைக்கிறேன்.

ஊரும் ஆறும்

துர்காபூர் கொல்கத்தாவுக்கு வடமேற்கால சுமார் 170 கிலோமீட்டர்ல இருக்கு. தெக்கால தாமோதர் ஆறு, வடக்கால அஜய் ஆறு, நடுவுல செம்மண் மேடு. சோட்டா நாக்பூர் பீடபூமி சரிஞ்சு வந்து வங்காளச் சமவெளியத் தொடுற விளிம்பு அது, அதனால ஊருக்குள்ளயே இன்னமும் சால் மரக்காடு துண்டு துண்டா நிக்குது. மேக்கால ராணிகஞ்ச் நிலக்கரி வயல், ராணிகஞ்சுக்கு 1855லயே ரயில் வந்துருச்சு, கிராண்ட் டிரங்க் ரோடும் ஊரை ஒட்டியே போகுது. நிலக்கரி, ரயில், ரோடு, ஆறு நாலும் ஒரே எடத்துல இருந்ததாலதான் டாக்டர் பி.சி. ராய் முதலமைச்சரா இருந்தப்ப இந்தக் காட்ட அழிச்சு தொழில் நகரம் கட்ட முடிவு பண்ணாங்க. பிரிட்டிஷ் கம்பெனிகளோட கூட்டு உதவில உருக்காலை வந்துச்சு, முதல் பிளாஸ்ட் ஃபர்னஸ 1959 டிசம்பர்ல குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொறந்து வெச்சார். அப்புறம் அலாய் ஸ்டீல், கோக் ஓவன், அனல் மின் நிலையம், உரம், சுரங்க மெஷின் செய்யுற எம்ஏஎம்சின்னு வரிசையா வந்துச்சு. எம்ஏஎம்சி 2002ல மூடியாச்சு, உர ஆலையும் நின்னு போச்சு, ஆனா இந்தப் பெரிய ஆலைகள நம்பி வந்த சின்னச் சின்ன ஃபவுண்டரி, ரோலிங் மில், ஃபேப்ரிகேஷன் கடைங்க நெறைய இன்னும் ஓடுது. 2011 கணக்கெடுப்புப்படி ஊர்ல 5.66 லட்சம் பேர்.

இப்ப தண்ணிக்கு வரலாம், ஏன்னா விஷயமே அதுதான். தாமோதர் 592 கிலோமீட்டர் ஓடுற மழை ஆறு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கண்ணு மண்ணு தெரியாம வரும், மத்த மாசம் அகலமான மணல் நடுவுல ஒரு ஓரமா ஓடும். 1943 வெள்ளத்துல கரை உடைஞ்சு ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் ரோடும் அத்துப்போன பிறகுதான், அமெரிக்கால டென்னசி பள்ளத்தாக்குல செஞ்ச மாதிரி இங்கயும் செய்யணும்னு பேச்சு வந்து 1948ல தாமோதர் பள்ளத்தாக்கு கார்ப்பரேஷன், அதாவது டிவிசி ஆரம்பிச்சாங்க. மேல திலையா, கோனார், மைத்தான், பஞ்செத்னு நாலு அணை 1953ல இருந்து 1959க்குள்ள வந்துச்சு, கீழ துர்காபூர்ல 1955ல ஒரு பேரேஜ், அதாவது ஆத்துக்குக் குறுக்கால ஒரு தடுப்பு. 692 மீட்டர் நீளம், தண்ணிய நிறுத்துற கதவு, அதாவது ஷட்டர், 34. 1964ல இத மாநில அரசு கைக்கு மாத்தினாங்க. இடது கரை கால்வாய்ல படகு விட்டு நிலக்கரிய கல்கத்தாவுக்கு அனுப்பலாம்னு கூட ஒரு பெரிய திட்டம் இருந்துச்சு, அது நெனச்ச மாதிரி ஓடல, பாசனத்துக்கு மட்டும் நின்னுச்சு.

மைத்தானும் பஞ்செத்தும் சேமிச்சு வைக்கிற அணை. துர்காபூர்ல இருக்கறது ஆத்து மட்டத்த ஒரு உசரத்துக்குத் தூக்கி நிறுத்துற தடுப்பு, அவ்ளோதான். அந்த மட்டம் இருந்தாத்தான் கால்வாய்லயும் ஆலைகளோட இன்டேக்லயும், அதாவது தண்ணி எடுக்குற வாய்லயும், தண்ணி ஏறும், குடிதண்ணியும் அங்க இருந்துதான், எதிர்க்கரைல பாங்குரா மாவட்டத்துல இருக்க மேஜியா அனல் மின் நிலையமும் அதே தேக்கத்தத்தான் நம்பி இருக்கு. தேக்கத்துல அறுபது வருஷத்து வண்டல் வேற சேந்து கெடக்கு. 34 ஷட்டர்ல ஒண்ணே ஒண்ணு போனாலும் மட்டம் எறங்கும், மட்டம் எறங்கிட்டா ஆத்துல தண்ணி ஓடுனாலும் குழாய்ல வராது.

எங்க ஓனர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் யாரும் இத அப்படி யோசிச்சதில்ல. ஆறு ரெண்டு மூணு கிலோமீட்டர்ல இருக்கு, அதனால தண்ணிக்குக் கவலை இல்ல, இதுதான் எல்லாரோட நெனப்பும்.

ஆலைல தண்ணி எங்க போகுது

ஒரு டன் கொள்ளளவு உள்ள இன்டக்‌ஷன் ஃபர்னஸ் ரெண்டு, மாத்தி மாத்தி ஓடும். பச்சை மணல் மோல்டிங், அதாவது ஈர மணல்ல அச்சு செய்யறது. நிலக்கரி சுரங்கத்து கன்வேயருக்குப் போற கேஸ்டிங்தான் (வார்ப்பு) பெரும்பாலும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்து டன் உருக்குவோம். டவுன் லைன் தண்ணி ஒரு தரைத்தொட்டிக்கு வரும், அங்க இருந்து பம்ப் பண்ணி மேல்தொட்டி, கூலிங் டவர், மணல் மிக்சர், பாத்ரூம், கேன்டீன் எல்லாத்துக்கும் போகும். போர்வெல் ஒண்ணு பழசா இருந்துச்சு, அந்தக் கெட்டிப் பாறைல ஊத்து ரொம்பக் கம்மி, கோடைல காத்துதான் வரும், அதனால மூடி வெச்சிருந்தாங்க.

ஃபர்னஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. உருகுன இரும்பு உள்ள இருக்கு, அதச் சுத்தி சிலிக்கா லைனிங், அதாவது சூடு தாங்குற உள்சுவர், அதச் சுத்தி செம்புக் குழாய் காயில், அந்தக் குழாய்க்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கணும். 1,500 டிகிரி பக்கம் இருக்க இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல சில அங்குல லைனிங்தான். கரண்ட்ட நிறுத்தினாலும் லைனிங்ல ஊறிக் கெடக்கற சூடு மணிக்கணக்கா காயிலுக்கு வந்துட்டே இருக்கும், அதனால உருக்குறத நிறுத்திட்டும் ராத்திரி முழுக்க தண்ணி சுத்தணும். சுத்தலைன்னா காயில் வெந்துடும், லைனிங்ல விரிசல் இருந்து இரும்பு காயிலத் தொட்டுச்சுன்னா வெடிக்கும், ஆள் போயிடும். அதனாலதான் கரண்ட் போனா தானா இறங்குற மாதிரி ஒரு எமர்ஜென்சி மேல்தொட்டி எல்லா எடத்துலயும் வெச்சிருப்பாங்க, எங்ககிட்டயும் இருந்துச்சு. ஆனா அதுல இருந்து இறங்குற தண்ணி காயில் வழியாப் போய் நேரா சாக்கடைலதான் விழும், ஒரு தடவ ஓடினா போச்சு.

2017 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை

முதல் தகவல் அதிகாரிங்ககிட்ட இருந்து வரல. மோல்டிங் ஆள்ல பாதிப்பேர் அக்கரைல பர்ஜோடா பக்கத்துக்காரங்க, பேரேஜ் மேல இருக்க ரோடு வழியா சைக்கிள்ல வருவாங்க. காலைல வந்தவங்கதான் ஒண்ணாம் நம்பர் ஷட்டர் வளைஞ்சு போச்சு, தண்ணி கீழ பாயுதுன்னு சொன்னாங்க. மதியத்துக்குள்ள ஊர் பூரா அதே பேச்சு. உடைஞ்ச ஷட்டர்ல வேலை செய்யணும்னா தேங்கி நிக்கிற தண்ணி மொத்தத்தயும் வடிச்சாகணும்னு அடுத்த சேதி வந்துச்சு, இதுதான் எங்களுக்கு உண்மையான சேதி. ஒரு ஷட்டர் வழியா கசியறது வேற, வேணும்னே எல்லா தண்ணியையும் எறக்கி விடறது வேற.

ஆனா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஆலைல குழாய் நல்லாத்தான் வந்துச்சு. சுத்திகரிப்பு நிலையத்துலயும் ஊர்த் தொட்டிங்கள்லயும் ஏத்தி வெச்ச தண்ணி அது. இந்த இடைவெளிதான் பக்கத்து ஆலைங்கள்ல பல பேர ஏமாத்துச்சு, தண்ணி வருதே, ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவாங்கன்னு வழக்கம் போல ஓட்டினாங்க. சனிக்கிழமை ஆத்துக்குள்ள ஜனங்க எறங்கி மீன் புடிச்சிட்டு இருக்காங்கன்னு அதே சைக்கிள் ஆளுங்க சொன்னப்பதான் எவ்ளோ தூரம் வத்திருக்குன்னு உறைச்சுது. சனிக்கிழமையே லைன்ல வேகம் கொறஞ்சு சாயங்காலம் சொட்டா ஆயிடுச்சு.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் ரூம்ல பேச்சு நடந்துச்சு. ஓனரோட பையன் டேங்கர் வாங்கி ஓட்டலாம்னார், சுரங்கத்து ஆர்டர் ஒண்ணு அடுத்த வாரம் போகணும், தாமதம் ஆனா பில்லுல புடிப்பாங்க, அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ஃபர்னஸ் மிஸ்திரி பீகார்க்காரர், முப்பது வருஷமா உருகுன இரும்ப ஊத்துற லேடில் புடிச்ச கை, அவர் ஒரே வரில சொன்னார், "பாபு, டேங்கர் வண்டி பஞ்சர் ஆச்சுன்னா இரும்புக்கு அது தெரியாது." நான் மிஸ்திரி பக்கம்தான் நின்னேன். டேங்கர் தண்ணில கேஸ்டிங் போட முடியும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா கடைசி ஹீட், அதாவது ஒரு தடவ உருக்குன இரும்பு, ஊத்தின பிறகு வர்ற ராத்திரிக்கு காயில்ல ஓட வேண்டிய தண்ணி கையிருப்புல இருந்தே ஆகணும், அத வர்ற வண்டிய நம்பி விடக்கூடாது.

ஓனர் கேட்டுட்டு நிறுத்தச் சொன்னார். அதுக்கப்புறம் செஞ்சது இதுதான்.

ஃபர்னஸ்ல இருந்த ஹீட்ட மட்டும் ஊத்தி முடிச்சோம், புதுசா சார்ஜ், அதாவது உருக்கப் போடுற இரும்பு, போடல. அடில கொஞ்சம் இரும்பு விட்டு வெக்கிற பழக்கம் உண்டு, அடுத்த ஹீட் சீக்கிரம் உருகும்னு, இந்தத் தடவ ஒரு சொட்டு விடாம ரெண்டு ஃபர்னஸையும் காலி பண்ணோம். எப்ப திரும்ப ஓட்டுவோம்னு தெரியாதப்ப உள்ள உறைஞ்ச கட்டி கெடந்தா அத உருக்கி எடுக்கறது பெரிய ஆபத்து, மேல மூடி மாதிரி உறைஞ்சு கீழ மட்டும் உருகிக் கொதிக்கும்.

எமர்ஜென்சி மேல்தொட்டிய நெறச்சு அதோட வால்வுல மத்த எல்லா கிளையையும் அடைச்சோம், யாரும் பாத்ரூமுக்குக் கூட அதுல தொடக்கூடாது. காயில் சுத்துற உள் லூப் மூடுன லூப், அதுல உப்பு நீக்குன சுத்தமான டிஎம் தண்ணி, அது கொறையாது. வெளி லூப், கூலிங் டவர்ல ஆவியாப் போறதுதான், அதுக்குத் தரைத்தொட்டித் தண்ணிய ஒதுக்கினோம். உருக்கறது நின்னதால சூடு கொறைய கொறைய ஆவியும் கொறஞ்சு, சனிக்கிழமை காலைலயே ஃபேன நிறுத்திட்டு பம்ப மட்டும் ஓட்டினோம்.

கம்ப்ரசர ரெண்டையும் அப்பவே நிறுத்தியாச்சு. காரணம் கீழ வருது.

டேங்கர் விவகாரம்

ஓனர் பையன் சொல்லி வெச்சிருந்த டேங்கர் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. எங்கயோ தள்ளி ஒரு போர்வெல்ல புடிச்ச தண்ணி. தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர வெச்சுப் பாத்தா டவுன் தண்ணிய விட பல மடங்கு. ஆத்துத் தண்ணிக்குப் பழகின கூலிங் டவர்ல இத விட்டா ஆவியாக ஆவியாக உப்பு ஏறி, ரெண்டு லூப்புக்கும் நடுவுல சூட்ட மாத்துற பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல சுண்ணாம்பு புடிச்சிடும். மணலுக்குச் சேக்கலாம், பாத்ரூமுக்கு விடலாம், வெளி லூப்புக்கு வேணாம்னு சொன்னேன்.

அதே நேரத்துல ஆலை கேட்டுக்கு வெளிய வேற ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்தி, அதாவது குடிசைப் பகுதி, எங்க ஆளுங்கள்லயே பல பேர் வீடு அங்கதான், தெருக்குழாய் காஞ்சு போச்சு. டேங்கர் உள்ள வர்றதப் பாத்துட்டு பொம்பளைங்க குடத்தோட கேட்டுல நின்னாங்க. வாட்ச்மேன் கேட்ட மூடினான், சத்தம் ஏறுச்சு. ஆலை நின்னுருக்கு, மணலுக்கும் வேலை இல்ல, பின்ன எதுக்கு இந்தத் தண்ணிய உள்ள அடைக்கணும்? ஓனர் ரெண்டு டேங்கரையும் பஸ்தில நிறுத்தச் சொல்லிட்டார். குடிக்க ஆகாது, குளிக்க தொவைக்க மட்டும்னு சொல்லித்தான் குடுத்தோம், உப்பு அவ்ளோ இருந்துச்சு. பையனுக்கு இது புடிக்கல, காசு குடுத்து வாங்கினதுன்னார். இத தர்மம்னு நான் எழுத மாட்டேன், அடுத்த வாரம் ஃபர்னஸ் மேடைல நிக்கப் போறவன் வீட்டுல தண்ணி இல்லாம வெச்சுட்டு அவன வேலைக்குக் கூப்புட முடியாது, அதான் கணக்கு.

பக்கத்துல ஒரு யூனிட் டேங்கர்லயே ஓட்டினாங்க. அவங்களுக்கு வெடிக்கல, ஒண்ணும் ஆகல, ஆர்டரையும் அனுப்பிட்டாங்க. ஆனா டிசம்பர்ல இருந்து அவங்க ஃபர்னஸுக்குக் கரண்ட் குடுக்குற பேனல்ல ஹீட் அலாரம் அடிக்க ஆரம்பிச்சு, எக்ஸ்சேஞ்சர அவுத்து ஆசிட்ல கழுவுற வரைக்கும் அரை லோடுலதான் ஓட்டினாங்க. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா அவங்க இழந்தது அதிகமா நாங்க இழந்தது அதிகமான்னு உறுதியாச் சொல்ல முடியல, நேர்மையாப் பாத்தா ஏறக்குறைய சமம்தான்.

திரும்ப ஓடினது

சில நாள்ல ஷட்டர அடைச்சு, மேல இருந்து தண்ணி விட்டு, தேக்கம் ஏறுச்சு. லைன் வந்ததும் உடனே சார்ஜ் போடல. முதல் நாள் வந்த தண்ணி கலங்கலா இருந்துச்சு, ஓட விட்டு தெளிஞ்ச பிறகுதான் தொட்டிக்கு எடுத்தோம். ஆறிப்போன சிலிக்கா லைனிங்ல மயிரிழை விரிசல் நெறைய விட்டிருக்கும், மெதுவா சூடு ஏத்தினா அது தானா மூடிக்கும், அவசரப்பட்டு உருக்கினா இரும்பு அந்த விரிசலுக்குள்ள போயிடும். மிஸ்திரி கூடவே நின்னு கொறஞ்ச கரண்ட்ல மணிக்கணக்கா ஏத்தினார். ஒரு ஃபர்னஸ் நல்லா வந்துச்சு, இன்னொண்ணுல லைனிங் ஏற்கனவே வயசானது, தட்டிப் பாத்துட்டு மிஸ்திரி வேணாம்னுட்டார், ஒடச்சுப் புதுசா ராம் பண்ணோம், அதாவது லைனிங்க இடிச்சு இறுக்கிப் போட்டோம். சுரங்கத்து ஆர்டர் தாமதம் ஆச்சு, பில்லுலயும் புடிச்சாங்க.

நடுவுல மூணு வருஷம்: அளந்தது

எனக்கு இந்த மொத்தக் கதைலயும் முக்கியமாத் தெரியறது இந்தப் பகுதிதான். தண்ணி நின்ன அன்னிக்கு ஓனர் கேட்ட முதல் கேள்வி, நம்மகிட்ட எத்தன நாளைக்குத் தண்ணி இருக்கு? யார்கிட்டயும் பதில் இல்ல. தொட்டி அளவு தெரியும், ஒரு நாளைக்கு எவ்ளோ செலவாகுதுன்னு ஆலைல யாருக்குமே தெரியாது, ஏன்னா அளக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல.

முதல்ல பேப்பர்ல போட்டுப் பாத்தோம். ஒரு டன் இரும்ப உருக்க சுமார் 600 யூனிட் கரண்ட். அதுல ஏறக்குறைய கால்வாசி காயில்லயும் பேனல்லயும் சூடாகி தண்ணிக்குப் போகுது, 150 யூனிட்டுன்னு வெச்சுக்கலாம். ஒரு யூனிட் சூட்ட வெளியேத்த கூலிங் டவர்ல ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியாகணும், ஆக டன்னுக்கு 225 லிட்டர். டவர்ல தெறிக்கறது, உப்பு ஏறாம இருக்க அப்பப்ப வடிச்சு விடறது எல்லாம் சேத்தா 350 லிட்டர். மணலுக்கு டன்னுக்கு ஒரு 150 லிட்டர். ரெண்டும் சேத்து 500 லிட்டர், பத்து டன்னுக்கு 5,000 லிட்டர். ஒரு சின்ன டேங்கர் தண்ணி!

அப்புறம் ஒவ்வொரு கிளைலயும் மீட்டர் மாட்டினோம். மொத்தச் செலவு அந்த 5,000ஐ விட பல மடங்கு வந்துச்சு. கம்ப்ரசர் கூலர்ல தண்ணி ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் நேரா சாக்கடைல விழுந்துட்டு இருந்துச்சு, நாள் பூரா, ஆலை ஆரம்பிச்ச காலத்துல இருந்து. தண்ணி சும்மா வருதுன்னு அப்படிப் போட்டுட்டாங்க, யாரும் தப்பா நெனைக்கல. தரைல தூசு அடங்க ஹோஸ் புடிக்கறது அடுத்தது. குளிக்கறது நெனச்ச அளவு இல்ல, ஃபவுண்டரி ஆள் ஷிஃப்ட் முடிஞ்சு குளிச்சுத்தான் ஆகணும், அதுல கை வெக்கக் கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம்.

மாத்தினது அதிகம் இல்ல. கம்ப்ரசர் தண்ணிய கூலிங் டவரோட சேத்தோம். எமர்ஜென்சி தொட்டித் தண்ணி சாக்கடைக்குப் போற எடத்துல ஒரு சின்ன சம்ப் (தரைக்குழித் தொட்டி) கட்டி, டீசல் பம்ப் வெச்சு திரும்ப மேல ஏத்துற மாதிரி பண்ணோம், அதனால ஒரு தடவ ஓடுற தொட்டி பல தடவ ஓடும். தரைத்தொட்டிய ரெண்டாத் தடுத்தோம், ஒரு பாதி ஃபர்னஸுக்கு மட்டும், அதுக்குத் தனி பம்ப். மேல்தொட்டிக்குக் கீழ கேட்டுக்கு வெளில ஒரு குழாய் போட்டோம், இது மிஸ்திரி கேட்டது. செலவு எல்லாம் சேத்து ஒரு லைனிங் மாத்துற காசுல பெருசா தாண்டல. டேங்கர் வேணும்னு சொன்ன அதே பையன்தான் இத முழுக்க நின்னு செஞ்சார், மீட்டர் ரீடிங்க தெனம் எழுதி வெச்சதும் அவர்தான்.

2020 அக்டோபர் 31, சனிக்கிழமை

லட்சுமி பூஜை சமயம். இந்தத் தடவ 31ஆம் நம்பர் ஷட்டர். காலைல பர்ஜோடா ஆளுங்ககிட்ட இருந்து போன் வந்துச்சு, கொரோனா காலம்ங்கறதால கொஞ்சப் பேர்தான் வேலைக்கு வந்துட்டு இருந்தாங்க. 2017ல நடந்ததால அடுத்து என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், தேக்கத்த வடிப்பாங்க.

கையிருப்பு எவ்ளோன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சுது. ஒரு ஃபர்னஸ் மட்டும் ஓட்டினா ரெண்டு நாளைக்கு உருக்கி, அதுக்கு மேல ஆறுற ராத்திரிக்கும் மிச்சம் இருக்கு. அதனால உடனே நிறுத்தல. அவசரமாப் போக வேண்டிய கேஸ்டிங் எது எதுன்னு பிரிச்சு அத மட்டும் ஓட்டினோம். வழக்கமான கேஸ்டிங்க அப்பவே தள்ளி வெச்சாச்சு. லைன்ல இன்னும் தண்ணி வந்துட்டு இருந்த அந்த முதல் நாள்ல தொட்டி ரெண்டு பாதியையும் விளிம்பு வரைக்கும் ஏத்திக்கிட்டோம். ரெண்டாம் நாள் முடிவுல ஒழுங்கா காலி பண்ணி நிறுத்தினோம், ஒரு டேங்கர் கூட வாங்கல.

ரிப்பேர் நெனச்ச வேகத்துல நடக்கல. மணல் மூட்டை போட்டு ஆத்த ஒதுக்கப் பாத்தாங்க, மேல இருந்து வர்ற தண்ணி நிக்காம கசிஞ்சு வேலை செய்ய விடல. ஆத்துல தண்ணி ஓடிட்டே இருக்கு, அந்தத் தண்ணியே ரிப்பேருக்குத் தடையா இருக்கு, ஊர்ல குழாய் காஞ்சு கெடக்கு, மூணும் ஒரே நேரத்துல. நகராட்சி லாரில தண்ணி குடுத்தாங்க. கை கழுவச் சொல்லி எல்லா எடத்துலயும் நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம் அது. கேட்டுக்கு வெளில போட்ட குழாய காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தொறந்தோம், ஃபர்னஸ் பாதிய தொடாம மத்த பாதில இருந்து. கூட்டம் இருந்துச்சு, சண்டை வரல, பஸ்தி ஆளுங்களே வரிசைய பாத்துக்கிட்டாங்க.

நவம்பர் முதல் வாரத்துல ஷட்டர சரி பண்ணி மட்டம் ஏறுச்சு. நாங்க மெதுவா சூடு ஏத்தி ஆரம்பிச்சோம். இந்தத் தடவ ரெண்டு லைனிங்கும் தப்பிச்சுது, அது பாதி அதிர்ஷ்டம், ரெண்டுமே அப்ப புதுசு. அவசர ஆர்டர் நேரத்துக்குப் போச்சு, மத்தது ஒரு வாரம் தள்ளுச்சு, கஸ்டமரும் அதே ஊர் நெலவரத்துல இருந்ததால ஒண்ணும் சொல்லல.

இன்னும் மாத்த வேண்டியது

ரெண்டு தடவையும் நிறுத்தறதா வேணாமான்னு ஓனர் ஊர்ல இருந்ததால முடிவு ஆச்சு. அவர் இல்லாத நாள்ல யார் சொன்னா ஃபர்னஸ் நிக்கணும்னு எழுதி ஒட்டல. என்னக் கேட்டா அந்த அதிகாரம் ஷிஃப்ட் மிஸ்திரிக்கு இருக்கணும், ஃபர்னஸ் தொட்டி இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கினா யாரையும் கேக்காம சார்ஜ் நிறுத்தலாம்னு தொட்டிச் சுவத்துலயே சிவப்புக் கோடு போட்டுடணும். ஓனர் ஒத்துக்கல, பேசிட்டுத்தான் இருந்தோம்.

ரெண்டாவது, கூரை மழை. துர்காபூர்ல வருஷத்துக்கு சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. ஷெட் கூரை ஆயிரம் சதுர மீட்டர்னு வெச்சா 13 லட்சம் லிட்டர் விழுது, கசிவு போக பத்து லட்சம் புடிக்கலாம். உருக்கவும் மணலுக்கும் வருஷத்துக்கு 300 நாள் கணக்குல 15 லட்சம் போதும். பேப்பர்ல பாத்தா மூணுல ரெண்டு பங்கு கூரைலயே இருக்கு. ஆனா அது நாலு மாசத்துல மொத்தமா வரும், அவ்ளோத்தயும் நவம்பர் வரைக்கும் வெச்சிருக்க தொட்டி கட்ட எடமும் இல்ல காசும் இல்ல, ஃபவுண்டரி கூரைல கரித்தூசு வேற, வடிகட்டாம டவர்ல விட முடியாது. முழுசா வேணாம், ஷட்டர் உடையற மாதிரி நேரத்துக்குன்னு மொத்தமா அம்பதாயிரம் லிட்டர் தனியா இருந்தா பத்து நாள் ஓடும், அந்த அளவுக்கு ஒரு தொட்டி கட்டலாம்னு திட்டம் குடுத்தோம், நான் அங்க இருந்த வரைக்கும் ஆரம்பிக்கல.

மூணாவது தண்ணியே ஆவியாகாத டிரை கூலர். கார் ரேடியேட்டர் மாதிரி காத்துல ஆற வெக்கறது. காயில் லூப்புக்கு ஒத்துவரும், ஏன்னா காயில் தண்ணி வெளில வர்றப்ப அறுபது டிகிரிக்கு மேல போனாலும் தாங்கும். பேனல் லூப்புக்கு ஒத்துவராது, அதுக்கு உள்ள போற தண்ணி நாப்பதுக்குள்ள இருக்கணும், மே மாசம் துர்காபூர்ல வெளிக்காத்தே நாப்பதத் தாண்டும். அதனால காயிலுக்கு டிரை கூலர், பேனலுக்கு மட்டும் சின்ன கூலிங் டவர்னு பிரிச்சா ஆவியாற தண்ணில பெரும்பகுதி மிச்சம். புது ஃபர்னஸ் வாங்குறப்ப சப்ளையர்கிட்ட முதல்லயே இத கேட்டுடணும், பழசுல மாத்தப் போனா பைப் மொத்தமும் மாத்தணும்.

போர்வெல்ல இன்னும் ஆழமாப் போடலாம்னு பையன் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தப் பாறைல கெடைக்கறது கொஞ்சம், கெடைச்சாலும் சுண்ணாம்பு புடிக்கற கடினத் தண்ணி, அதுக்கு அந்தக் கடினத்த எடுக்குற சாஃப்ட்னர் வெக்கணும். அந்தக் காசுக்கு அம்பதாயிரம் லிட்டர் தொட்டி வந்துரும்.